பால் பைத்தான் நிற வகைகள்: அடையாளம் காண்பது முதல் முட்டை பொரிவது வரை

ஆண் பாம்பு அல்பினோ. சிவந்த கண், மஞ்சளும் வெள்ளையுமான உடல். பெண்ணும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான், வெள்ளைப் பகுதியில் மட்டும் லேசான கத்தரிப்பூச் சாயல். இரண்டையும் இணை சேர்த்து, முட்டைகளை இரண்டு மாதம் பொத்திப் பொத்திப் பாதுகாத்தால், கடைசியில் தலை நீட்டுகிற ஆறும் காட்டில் பிடித்தது போன்ற பழுப்புக் குட்டிகள். பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பின் வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்களை நிலைகுலைய வைக்கும் ஈடு இது.

அந்த ஆறு குட்டிகளிடம் ஒரு குறையும் இல்லை. ஆண் சாதாரண அல்பினோ, பெண் லாவண்டர் அல்பினோ. முன்னதில் பழுதானது டைரோசினேஸ் என்ற நொதியைத் தரும் மரபணு. பின்னதில் பழுதானது ஓசிஏ2 என்ற வேறொரு மரபணு. அப்பாவிடம் பழுதானது அம்மாவிடம் நன்றாக இருக்கிறது, அம்மாவிடம் பழுதானது அப்பாவிடம் நன்றாக இருக்கிறது. ஆகவே குட்டிகளுக்குக் கருநிறம் முழுதாகத் திரும்பிவிட்டது. அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள், வளர்ப்பாளர்கள் தபாலில் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து இந்த மரபணுக்களை இனங்கண்டு 2022-ல் வெளியிட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கேண்டி, டாஃபி என்று சந்தையில் தனித்தனியாக விற்கப்பட்ட இரண்டும் உண்மையில் ஒரே மாற்றம்தான்.

தோற்றம் ஒன்றாக இருந்து மரபணு வேறாக இருக்கலாம். பெயர் இரண்டாக இருந்து மரபணு ஒன்றாகவும் இருக்கலாம். நிற வகையை அடையாளம் காண்பதில் கண்ணுக்குப் பாதி வேலைதான். மீதிப் பாதி பெற்றோர் யார், அவற்றின் குட்டிகள் என்னவாகப் பிறந்தன என்ற பதிவேட்டில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் வலியுறுத்தப் போகிறேன்.

முதலில் காகிதம்

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகம் போனது. அச்சுறுத்தினால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும், பெயருக்குக் காரணம் அதுவே. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அனுமதிச் சான்று இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. திருச்சி விமான நிலையத்தில் 2023-ல் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. டப்பாக்களில் அடைபட்டு வரும் அப்படிப்பட்ட பாம்புகளை விலை குறைவு என்று வாங்காதீர்கள். தாகத்திலும் நோயிலும் பாதி உயிரோடு வரும் உயிர்கள் அவை. அவற்றின் பெற்றோர் யார் என்ற பதிவும் இருக்காது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்த பிறகு, சைட்ஸ் பட்டியல் உயிரினங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கைவசம் வைத்திருப்பது, கைமாறுவது, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவுசெய்ய வேண்டும். முட்டை பொரிந்தால் அதுவும் பதிவாக வேண்டும் என்பதை இணை சேர்க்கும் முன்பே நினைவில் வையுங்கள். நம் ஊர் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம்.

அசல் நிறத்தைப் படியுங்கள்

எந்த வகையையும் அடையாளம் காணும் முன் இயல்பு நிறப் பாம்பை நூறு முறை பாருங்கள். கரும்பழுப்புத் தரை, அதன்மேல் வெளிர் பழுப்புத் திட்டுகள். பக்கவாட்டுத் திட்டுகளுக்குள் இரண்டு கருப்புப் புள்ளிகள் இருப்பதால் அவை பெரிய கண்ணுள்ள முகம் போலத் தெரியும். வளர்ப்பாளர்கள் அதை 'ஏலியன் தலை' என்பார்கள். வயிறு வெள்ளை, ஓரங்களில் சிறு புள்ளிகள். தலைமேல் அடர்ந்த தொப்பி, கண் வழியாக ஓடும் கருங்கோடு. இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால், ஒரு குட்டியில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கண் தானாகச் சொல்லும்.

பார்ப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. சட்டை உரித்த மறுநாள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உரிக்கும் முன் உடல் மங்கிக் கண் பால் படர்ந்தது போல இருக்கும், அப்போது எந்த முடிவும் தவறும். வண்ண விளக்கின் கீழ் எடுத்த விற்பனைப் படத்தை நம்பி வகை சொல்லாதீர்கள். நான் பார்க்கும் வரிசை இது: கண், தலை, முதுகுக்கோடு, பக்கவாட்டுத் திட்டு, வயிறு, வால். வாலை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வடிவமாற்றம் சில பாம்புகளில் வாலில்தான் தெளிவாகத் தெரியும்.

சில வகைகள் ஒரே பார்வையில் பிடிபடும். பைபால்ட் என்றால் வடிவமுள்ள உடலில் இடையிடையே எதுவுமே எழுதாத சுத்த வெள்ளை. கிளவுன் என்றால் பக்கவாட்டு வடிவம் குறைந்து முதுகில் தடித்த கோடு, தலையில் தனித்த முத்திரை, கண்ணுக்குக் கீழே கண்ணீர்த்துளி போன்ற அடையாளம். பனானா மஞ்சளும் ஊதாவுமாகப் பிறந்து, வயதாக ஆகக் கருப்பு மச்சங்கள் சேர்க்கும். ஆக்சாந்திக்கில் மஞ்சள் நிறமே இல்லை, கருப்பு வெள்ளைப் புகைப்படம் போல இருக்கும், ஆனால் சில வழிகள் (தனித்தனி வளர்ப்புப் பரம்பரைகள்) வளர வளரப் பழுப்பேறும்.

கண்ணை ஏமாற்றுபவை வேறு. பேஸ்டல் குட்டியில் பளிச்சென்று மஞ்சள், பச்சை கலந்த வெளிர் கண், தலையில் வெளிறிய தடம் இருக்கும். அதே பாம்பு ஐந்து வயதில் மங்கிப்போய், இயல்பு நிறமோ என்று சந்தேகிக்க வைக்கும். ஃபயர் என்பது 'கொஞ்சம் வெளிர்ந்த இயல்பு நிறம்' என்ற அளவில்தான் பல நேரம் தெரியும். யெல்லோபெல்லி இன்னும் கஷ்டம். வயிற்று ஓரத்தில் பொன்னிறம், பக்கவாட்டில் மேலெழும் தீச்சுடர் வடிவங்கள், அவ்வளவே. அனுபவசாலிகளே அதில் தவறு செய்கிறார்கள். மொஹாவியில் ஏலியன் தலைக்குள் இரண்டு புள்ளிகளுக்குப் பதில் ஒரே புள்ளி, சாவித்துளை போல. சினமனில் செம்பழுப்பு ஏறி இருக்கும். பிளாக் பேஸ்டல் அதன் கருத்த உடன்பிறப்பு.

மூன்று நான்கு மரபணுக்கள் கூடிய பாம்பைத் தனியாக வைத்துக்கொண்டு 'இதில் என்சி (அதுவும் ஒரு நிற வகை) இருக்கிறதா, ஃபயர் இருக்கிறதா' என்று சண்டை போடுவதில் பயனில்லை. அதன் பெற்றோர் யார் என்று கேளுங்கள். பெற்றோர் தெரியாவிட்டால் இரண்டே வழிகள்தான். சில வகைகளுக்கு உரித்த சட்டையை அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்யலாம். மற்றவற்றை இணை சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு

மெண்டலின் பட்டாணியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதிகம் தேவையில்லை.

அல்பினோ, பைபால்ட், கிளவுன், ஆக்சாந்திக் ஆகியவை ஒடுங்கு பண்புகள். இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ள பாம்பை 'ஹெட்' என்பார்கள். தோற்றத்தில் இயல்பு நிறம், உள்ளே ரகசியம் சுமக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த வளர்ப்பாளர் பாப் கிளார்க் 1992-ல் அல்பினோ இப்படித்தான் மரபாகிறது என்று நிரூபித்தார். 1997-ல் பீட்டர் கால் பைபால்டை நிரூபித்தார். விசித்திரமாகப் பிறந்த ஒரு பாம்பு 'வகை' என்ற பெயருக்குத் தகுதி பெறுவது அப்படி அடுத்த தலைமுறையில் திரும்பி வந்து நிற்கும்போதுதான்.

பேஸ்டல், மொஹாவி, ஃபயர், சினமன் போன்றவை முழுமையற்ற ஓங்குத்தன்மை உள்ளவை. ஒரு பிரதியே தோற்றத்தை மாற்றும். இரண்டு பிரதி சேர்ந்தால் 'சூப்பர்' என்ற வேறொரு தோற்றம். வளர்ப்பாளர்கள் இவற்றை 'கோ-டாமினன்ட்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பாடப்புத்தகப்படி அது தவறு, பேச்சில் புரிந்துகொண்டால் போதும். பேஸ்டலும் பேஸ்டலும் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு பங்கு சூப்பர் பேஸ்டல், பாதி பேஸ்டல், நான்கில் ஒரு பங்கு இயல்பு நிறம்.

சில பெயர்கள் ஒரே மரபணுவின் வெவ்வேறு அல்லீல்கள், அதாவது மாற்று வடிவங்கள். மொஹாவி, லெஸ்ஸர், பட்டர், ரூசோ, மிஸ்டிக், ஃபேன்டம் எல்லாம் ஒரே குடும்பம். லெஸ்ஸரையும் மொஹாவியையும் சேர்த்தால் நீலக்கண் வெள்ளைப் பாம்பு பிறக்கும். அதே குடும்பமானாலும் மொஹாவி இரண்டு பிரதியானால் தலையில் சாம்பல் நிழல் தங்கிவிடும். ஃபயரும் ஃபயரும் சேர்ந்தால் வெள்ளைதான், ஆனால் கண் கருப்பு. அது வேறு குடும்பம். யெல்லோபெல்லி இரண்டு பிரதியானால் ஐவரி. இதற்கு நேர்மாறு ஆக்சாந்திக்: விபிஐ வழி, டிஎஸ்கே வழி என்று பல உண்டு, இந்த இரண்டையும் சேர்த்தால் பழுப்புக் குட்டிகள்தான் வரும். வாங்கும்போது 'எந்த வழி?' என்ற கேள்விக்கு விற்பவர் விழித்தால் அந்தப் பாம்பை இணை சேர்க்கும் திட்டத்துக்கு எடுக்காதீர்கள்.

இனி சதவீதம். ஹெட் ஆணும் ஹெட் பெண்ணும் சேர்ந்தால் நான்கில் ஒன்று அல்பினோ. பழுப்பாகப் பிறந்த மற்றவற்றில் மூன்றில் இரண்டு ஹெட், ஆனால் எது என்று தெரியாது. அவற்றைத்தான் '66% ஹெட்' என்று விற்கிறார்கள். ஹெட்டையும் இயல்பையும் சேர்த்தால் வருவது '50% ஹெட்'. இது அந்தப் பாம்புக்குள் 66% அல்பினோ இருப்பதாகச் சொல்லும் எண் இல்லை. ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

பால் பைத்தான் ஓர் ஈட்டுக்குச் சராசரியாக 6 முட்டைதான் இடும். அதனால் இந்த விகிதங்கள் சிறிய ஈட்டில் அடிக்கடி பொய்க்கும். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்த 6 முட்டையில் ஓர் அல்பினோகூட வராமல் போக 18% வாய்ப்பு உண்டு. ஆகவே சந்தேக ஹெட்டைச் சோதிக்க விரும்பினால் இன்னொரு ஹெட்டோடு சேர்க்காதீர்கள், தோற்றத்திலேயே அல்பினோவான பாம்போடு சேருங்கள். அப்போது ஆறும் பழுப்பாக வந்தால், அது உண்மையில் ஹெட்டாக இருந்தும் நாம் தவறவிட்டிருக்கும் வாய்ப்பு 64-ல் ஒன்றுதான்.

இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒன்றாக்க விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதி சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அல்பினோவையும் பைபால்டையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கப் பழுப்பு, ஆனால் எல்லாமே இரட்டை ஹெட். அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் அல்பினோ பைபால்ட் பிறக்க முட்டைக்கு 16-ல் ஒரு வாய்ப்பு. 6 முட்டை ஈட்டில் ஒன்றுகூட வராமல் போக 68%. பெண் முதிர மூன்று ஆண்டு ஆகும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு படி சேர்த்தால் நிலைமை மாறும்: அல்பினோவாகவே தெரியும், பைபால்டுக்கு ஹெட்டான ஒரு ஜோடியை உருவாக்கிக்கொண்டால், அதன் குட்டிகள் எல்லாமே அல்பினோ, நான்கில் ஒன்று அல்பினோ பைபால்ட். பொறுமைக்கு இந்த அளவு பலன் தரும் வேலை இதில் வேறு இல்லை.

பனானாவுக்கு மட்டும் தனிக் கணக்கு. அந்த மரபணு பால்குரோமோசோமில் இருக்கிறது. மலைப்பாம்புகளில் எக்ஸ்-ஒய் முறை இருப்பதை 2017-ல் ஆய்வாளர்கள் உறுதி செய்தபோதுதான், வளர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்ட விந்தைக்கு விடை கிடைத்தது. அப்பாவிடமிருந்து பனானாவைப் பெற்ற ஆணுக்கு, அதன் பனானாக் குட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆணாகவே பிறக்கும். அம்மாவிடமிருந்து பெற்ற ஆணுக்குப் பெரும்பாலும் பெண். பனானாப் பெண்ணிடம் இந்தச் சாய்வு கிடையாது. எனவே பனானா ஆண் வாங்கும்போது கேட்க வேண்டியது: இதற்குப் பனானா வந்தது தந்தை வழியா, தாய் வழியா?

சேர்க்கக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

ஸ்பைடர் வகை 1999-ல் அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்டு உலகம் முழுக்கப் பரவியது. சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள், அழகுதான். ஆனால் அந்த மரபணு உள்ள எல்லாப் பாம்பிடமும் ஏதோ ஓர் அளவில் தலையாட்டம் இருக்கும். சில பாம்பிடம் லேசாக, சிலவற்றிடம் தலை திருகிக்கொண்டு இரையைக் குறிபார்க்க முடியாத அளவுக்கு. 2022-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு, சமநிலையைக் காக்கும் உட்செவி உறுப்பே இவற்றில் உருக்குலைந்திருப்பதைக் காட்டியது. நல்ல பராமரிப்பால் சரியாகிற விஷயம் இல்லை இது. பிரிட்டனில் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் 2018-ல் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடைசெய்தது. அது சரியான முடிவு. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஸ்பைடரை அன்பாக வளருங்கள், புதிதாக ஒன்றைப் பிறப்பிக்காதீர்கள்.

ஷாம்பெயின், வோமா, ஹிட்டன் ஜீன் வோமா ஆகியவற்றிலும் இதே தொல்லை வெவ்வேறு அளவில் உண்டு. ஷாம்பெயினையும் ஸ்பைடரையும் சேர்த்தால் குட்டிகள் பிழைப்பதில்லை. சினமன், பிளாக் பேஸ்டல் இரண்டு பிரதியாகச் சேர்ந்த கருப்புப் பாம்புகளில் முதுகெலும்புக் கோணலும் வாத்து மூக்கும் வருகின்றன. காரமல் அல்பினோவிலும் முதுகெலும்பு கோணும். லெஸ்ஸர் இரட்டித்தால் கண் பிதுங்குவது உண்டு. டெசர்ட் வகைப் பெண்களால் இனப்பெருக்கம் செய்யவே முடிவதில்லை, முயன்றால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்து. அழகான சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது இவற்றைத் தொட ஒரு காரணமும் இல்லை.

இணை சேர்த்தல்

பெண்ணுக்கு மூன்று வயதும் குறைந்தது 1,500 கிராம் எடையும் வேண்டும். ஆணுக்கு ஒன்றரை வயதும் 600-700 கிராமும் போதும். எடையை எட்டிவிட்டது என்று இரண்டு வயதுப் பெண்ணைச் சேர்ப்பவர்கள் உண்டு, நான் ஏற்கவில்லை. முட்டையிட்ட பெண் எலும்பு தெரிய மெலிந்துவிடும். மீண்டு வர ஓர் ஆண்டு விடுவதே நியாயம்.

ஆணா பெண்ணா என்பதைக் கழிவுப்புழை ஓரத்து முட்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆய்வுக்கம்பி வைத்து உறுதி செய்ய வேண்டும்: ஆணில் கம்பி வால்பக்கம் 8-10 செதில் ஆழம் போகும், பெண்ணில் 2-4 தான். பழகாத கை காயப்படுத்தும், மருத்துவரிடமோ அனுபவசாலியிடமோ காட்டுங்கள்.

வளர்ப்பில் பருவம் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. இரவு வெப்பத்தை 24-25 டிகிரி செல்சியஸ் வரை இறக்கி, பகலில் சூடான மூலையை வழக்கம்போல 31-32 டிகிரியில் வையுங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் இரண்டு மூன்று நாள் விட்டு, எடுத்து, உணவு கொடுத்து, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி விட வேண்டும். வால்கள் பின்னிக்கொண்டு மணிக்கணக்கில், சில நேரம் ஒரு நாளுக்கு மேலும் கிடக்கும். அப்போது தொடாதீர்கள். தேதியை எழுதுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு ஆண்களை விட்டால் குட்டிக்கு அப்பா யார் என்பதே குழம்பும், பதிவேடும் கெடும். பெண் விந்தைச் சேமித்தும் வைத்துக்கொள்ளும். செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் பால் பைத்தான் 2020-ல் முட்டையிட்டது. அதற்கு முன் 15 ஆண்டுகளுக்கும் மேலாக அது ஆணையே கண்டதில்லை.

கருமுட்டை வளர்ந்ததும் பெண்ணின் நடத்தை மாறும். முதலில் குளிர்ந்த பக்கம் போய்ச் சுருளும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொள்ளும், இரையை மறுக்கும். ஒருநாள் உடல் நடுவில் பெரிய இரையை விழுங்கியது போல வீங்கி நிற்கும், ஏறத்தாழ ஒரே நாளில் வடிந்துவிடும். அதுதான் சூலகத்திலிருந்து கருமுட்டை வெளிப்படும் நாள். அதற்குப் பிறகு ஆணைச் சேர்க்க வேண்டாம். சுமார் மூன்று வாரத்தில் சட்டை உரிக்கும். அந்தச் சட்டையிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 30 நாளில் முட்டை. இந்த நாட்களில் சூடான பக்கமே கிடக்கும், சில பெண்கள் வயிறு மேலாகப் புரண்டும் படுக்கும். பயப்படாதீர்கள்.

முட்டைகள்

முட்டையிட்ட தாய் அவற்றைச் சுற்றிக் கோபுரமாகச் சுருண்டிருக்கும். மெதுவாக ஒவ்வொரு சுருளாக அவிழ்த்து எடுக்க வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், அப்படியே வையுங்கள். மேல்பக்கம் பென்சிலால் ஒரு குறி போடுங்கள், கடைசிவரை அந்தப் பக்கம் மேலேயே இருக்க வேண்டும். கோழி முட்டையைப் போலப் புரட்டினால் கரு மூழ்கிச் சாகும்.

இருட்டில் சிறு டார்ச்சை ஓட்டோடு வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிர் உண்டு. மஞ்சளாக, சின்னதாக, ரப்பர் போல இருப்பவை கூமுட்டை. சந்தேகமானதை உடனே எறியாமல் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்க்கலாம்.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வெர்மிகுலைட்டும் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்) தண்ணீரும் சம எடையில் கலந்து பரப்புங்கள். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. மேலே துளையுள்ள தட்டு வைத்து அதன்மேல் முட்டைகளை வைத்தால் ஈரம் நேராகப் படாது. இன்குபேட்டர் 31.5 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள், முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓட்டிச் சரிபாருங்கள். மின்வெட்டு உள்ள ஊரானால் இன்வெர்ட்டர் இணைப்பு கட்டாயம். சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கும் கரு, 34 டிகிரியைத் தாண்டும் சூட்டைத் தாங்காது, கோணல் முதுகு வரும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்தால் காற்றுக்குப் போதும்.

55-60 நாளில் மூக்கால் ஓட்டைக் கிழித்துக் குட்டி எட்டிப் பார்க்கும். தலையை நீட்டிய பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் உள்ளேயே இருந்து மஞ்சள் கருவை உறிஞ்சும். நிறம் பார்க்கும் ஆசையில் வெளியே இழுப்பதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு. தானாக வரட்டும்.

பொரிந்த பிறகு

ஒவ்வொரு குட்டியையும் ஈரத்துணி விரித்த தனிப் பெட்டியில் விடுங்கள். 7-10 நாளில் முதல் சட்டை உரிக்கும். அதுவரை வகை சொல்லாதீர்கள், பெட்டியின்மேல் எண் மட்டும் எழுதுங்கள். உரித்த மறுநாள் கண், தலை, முதுகு, பக்கம், வயிறு, வால் என்று ஆறு படங்கள் எடுங்கள். பிறகு பெற்றோரின் படங்களை அருகில் வைத்து ஒப்பிட்டு வகையை எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். ஆறு மாதத்தில் திருத்த வேண்டி வரலாம். பெற்றோரிடம் இல்லாத மரபணுவைக் குட்டியில் கண்டதாகத் தோன்றினால், பெற்றோரின் பதிவையும் அந்தக் குட்டியையும் சேர்த்தே மறுபரிசீலனை செய்யுங்கள்.

உரித்த பிறகு சின்ன எலிக்குட்டி கொடுங்கள். சில குட்டிகள் மூன்று நான்கு வாரம் மறுக்கும். மறைந்துகொள்ள இறுக்கமான இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறைய நேரம் அதுதான் காரணம். தொடர்ந்து ஐந்து முறையாவது தானாக உண்ணாத குட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கொடுக்கும் நாளில் கூடவே ஓர் அட்டை போக வேண்டும். பொரிந்த தேதி, பால், தந்தை தாய் இரண்டின் மரபணுப் பெயர்களும் அவற்றின் வழியும், ஹெட் என்றால் எத்தனை சதவீதம், நிரூபித்ததா யூகமா, கடைசியாக உண்ட தேதியும் எடையும், பதிவு எண். உடன் பிறந்த குட்டிகள் என்னென்ன என்பதையும் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பாம்பின் முட்டைகளுக்கு முன்னால் குழம்பி நிற்கும்போது, அவருக்கு விடை சொல்லப்போவது அந்த ஒரு வரிதான்.